விவசாய உதவித் தொகை யாரைச் சேர்கின்றது?

நமது தர்மபுரி ஜில்லா வானம் பார்த்த பூமி. ஒகேனக்கல்லில் காவேரி இரைந்து விழுந்து ஓடினாலும், அந்நீர் நமது மேட்டுப் புஞ்சைகளுக்கு ஏறி வருவதில்லை. பென்னாகரம் பக்கத்துக் கேழ்வரகும் நிலக்கடலையும், பாலக்கோட்டுத் தக்காளியும், காரிமங்கலத்து மாந்தோப்புகளும், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கங்களில் மஞ்சளும் மரவள்ளியும் பெரும்பாலும் மழையையும் கிணற்றையும் நம்பி நிற்பவையே. இத்தகைய ஜில்லாவில் விதைப்புக் காலத்தில் கைக்கு வரும் இரண்டாயிரம் ரூபாய், ஒரு மூட்டை உரத்துக்கும், உழவு கூலிக்கும், சில சமயம் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கும் ஆதாரமாகின்றது.

ஆகையால்தான், சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யவும் மகாசபைக் கூட்டங்களில் கலந்துகொள்ளவும் செல்லும் இடங்களிலெல்லாம் அங்கத்தினர்கள் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றாகவே இருக்கின்றது: "பக்கத்துக் காட்டுக்காரருக்கு சர்க்கார் பணம் வந்துவிட்டது, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?" பலர் இதனைத் தலைவிதி என்று விட்டுவிடுகின்றனர். சிலர் எவரோ தமது பங்கை எடுத்துக்கொண்டதாக ஐயுறுகின்றனர். இன்னும் சிலர் பட்டணத்துத் தரகரிடம் காகிதங்களைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கின்றனர்.

இக்கேள்விக்கு விடை சுருக்கமானதே. உதவித் தொகை ஏர் பிடிக்கும் கையைத் தேடி வருவதன்று. பதிவேட்டில் உள்ள பெயரைத் தேடி வருவது. கையும் பெயரும் ஒன்றாய் இருக்குமிடத்தில் பணம் தடையின்றிச் சேர்கின்றது. அவை வேறு வேறாய் இருக்குமிடத்தில், உழைப்பவர் விடுபட்டுப் போகின்றார். அல்லது உரிமையில்லாதவர் உள்ளே நுழைந்துவிடுகின்றார். இவ்விரண்டும் நமது ஜில்லாவில் நடந்திருக்கின்றன. அவற்றை விளக்கி, அங்கத்தினரும் சங்கங்களும் செய்ய வேண்டியது யாது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதவி மூவகை

சர்க்கார் விவசாயிக்கு அளிக்கும் உதவியை மூவகையாகப் பிரித்துக் கொண்டால் குழப்பம் தீரும்.

முதலாவது, ரொக்கமாகப் பாங்கிக் கணக்கில் செலுத்தப்படும் தொகை. "பிரதம மந்திரி கிசான்" திட்டத்தின் வருஷம் ஆறாயிரம் ரூபாய் இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, ஒரு பொருளின் விலையில் சர்க்கார் ஏற்றுக்கொள்ளும் பங்கு. சொட்டு நீர்ப் பாசனக் கருவிகளுக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட செலவில் 100 சதவிகிதமும், ஏனையோருக்கு 75 சதவிகிதமும் அளிக்கப்படுவது இதற்கு உதாரணம். இதில் பணம் விவசாயியின் கையில் விழுவதில்லை. கருவி நிலத்தில் பதிக்கப்படுகின்றது.

மூன்றாவது, வட்டிச் சலுகை. இது நமது சங்கத்தின் மூலமாகவே கிடைப்பது. இதனைப் பற்றிக் கட்டுரையின் பிற்பகுதியில் கூறுவோம்.

இம்மூன்றில் அதிகமான பேச்சுக்கும் வழக்குக்கும் இடமாயிருப்பது முதல் வகையே. ஆதலின் அதனை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஆறாயிரம் ரூபாய்த் திட்டம்

இத்திட்டம் 2019-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி மத்திய சர்க்காரின் இடைக்கால பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அம்மாதம் 24-ந் தேதி கோரக்பூரில் துவக்கி வைக்கப்பட்டது. 2018-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி முதற்கொண்டே அமுலுக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆரம்பத்தில் இரண்டு ஹெக்டேர், அதாவது சுமார் ஐந்து ஏக்கர் வரையில் நிலமுள்ள குடும்பங்களுக்கு மட்டுமே இருந்தது. அவ்வருஷத்திலேயே இவ்வரம்பு நீக்கப்பட்டு, சாகுபடி நிலம் வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் விஸ்தரிக்கப்பட்டது.

வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக, தவணைக்கு 2,000 வீதம் வழங்கப்படுகின்றது. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒரு தவணைக் காலம். ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஒன்று. டிசம்பர் முதல் மார்ச்சு வரை ஒன்று. 2025-ம் வருஷம் நவம்பர் 19-ந் தேதி கோயமுத்தூரில் நடந்த விழாவில் 21-வது தவணை விடுவிக்கப்பட்டதை அங்கத்தினர் அறிவர்.

குடும்பம் என்பது கணவன், மனைவி, மைனர் குழந்தைகள் ஆகியோரைக் குறிக்கும். கணவன் பெயரில் ஒரு பட்டாவும் மனைவி பெயரில் ஒரு பட்டாவும் இருப்பினும், அவ்வீட்டுக்கு ஒரே உதவித் தொகைதான் உண்டு. இருவரும் பெறுவது விதிக்கு மாறானது. பின்னர் திருப்பிச் செலுத்த நேரும்.

கீழ்க்கண்டோர் நிலமிருப்பினும் தகுதியற்றவர்கள்:

(1) கோயில், மடம், கம்பெனி முதலிய ஸ்தாபனங்களின் பெயரில் உள்ள நிலங்களுக்கு உரியோர்.

(2) மந்திரிகள், பார்லிமெண்டு, சட்டசபை அங்கத்தினர்கள், மேயர்கள், ஜில்லாப் பஞ்சாயத்துத் தலைவர்கள் ஆகிய பதவிகளை வகிப்போரும் முன்பு வகித்தோரும்.

(3) சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு பெற்றவர்களும். கடைநிலை ஊழியர்களுக்கு இவ்விலக்கு இல்லை.

(4) மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேற்பட்டோ ஓய்வூதியம் பெறுவோர். இங்கும் கடைநிலை ஊழியராயிருந்தோருக்கு விலக்கில்லை.

(5) கடந்த கணக்கு வருஷத்தில் வருமான வரி செலுத்தியவர்கள்.

(6) தொழில் நடத்தும் டாக்டர்கள், என்ஜினீயர்கள், வக்கீல்கள், கணக்குத் தணிக்கையாளர்கள், கட்டடக் கலைஞர்கள்.

நிலம் 2019-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதியன்று விண்ணப்பதாரர் பெயரில் இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அத்தேதிக்குப் பிறகு கிரயத்துக்கு வாங்கிய நிலம் இதற்கு உதவாது. ஆனால் பட்டாதாரர் காலஞ்சென்று, வாரிசு முறையில் நிலம் கைமாறியிருப்பின் அவ்வாரிசுக்குத் தகுதி உண்டு. இவ்வொரு விலக்கை அறியாமையால் இழப்பவர் அநேகர். அதனை ஒரு நிகழ்ச்சியால் பிறகு விளக்குவோம்.

ஏக்கருக்கா, குடும்பத்துக்கா?

உதவி வழங்குவதில் உலகெங்கும் இருவித முறைகள் உண்டு. ஒன்று நிலத்தை அளந்து கொடுப்பது. மற்றொன்று வீட்டை எண்ணிக் கொடுப்பது. தெலுங்கானா சர்க்கார் 2018-ம் வருஷம் ஆரம்பித்த "ரைத்து பந்து" திட்டத்தில் ஒரு போகத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு 4,000 ரூபாய் வீதம் கொடுக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிலும் பயிரையும் ஏக்கரையும் ஒட்டியே பெரும்பாலான உதவித் தொகைகள் கணக்கிடப்படுகின்றன. இம்முறையில் நிலம் பெருகப் பெருகத் தொகையும் பெருகும்.

நமது ஆறாயிரம் ரூபாய்த் திட்டம் வீட்டை எண்ணிக் கொடுப்பது. அரை ஏக்கர் சாமைக் காட்டுக்காரருக்கும் இருபது ஏக்கர் மாந்தோப்புக்காரருக்கும் தொகை ஒன்றே. சிறிய நிலம் மிகுந்த நமது ஜில்லாவுக்கு இது அனுகூலமானது. எனினும் ஒரு குறை உண்டு. குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோர் தமது பெயரில் பட்டா இல்லாமையால் இத்திட்டத்தில் இடம்பெறுவதில்லை. ஒரிஸ்ஸா சர்க்கார் 2018-ம் வருஷக் கடைசியில் அறிவித்த "காலியா" திட்டம் வாரதாரர்களையும் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. பிறர் நிலத்தில் பாடுபடும் அங்கத்தினர்கள், தமக்கு வராதது எவரும் செய்த மோசத்தாலன்று, திட்டத்தின் அமைப்பாலேயே என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். தரகர் எவரேனும் "உமக்கும் வாங்கித் தருகின்றேன்" என்று கூறினால், அதில் ஆபத்து இருக்கின்றது என்பதையும் உணர வேண்டும்.

பணம் கடந்து வரும் மூன்று கதவுகள்

டில்லியிலிருந்து புறப்படும் தொகை விவசாயியின் கணக்கில் விழுவதற்கு முன் மூன்று கதவுகளைக் கடக்கின்றது. ஒன்று மூடியிருந்தாலும் பணம் நின்றுவிடும்.

முதற் கதவு நிலப் பதிவேடு. பட்டாவில் விண்ணப்பதாரரின் பெயர் இருத்தல் வேண்டும். அவருடைய சர்வே எண் திட்டக் கணக்குடன் இணைக்கப்பட்டிருத்தலும் வேண்டும். பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்கும் குடும்பங்கள் நமது கிராமங்களில் எண்ணிறந்தவை. அண்ணன் தம்பிகள் வரப்புப் போட்டுப் பாகம் பிரித்து முப்பது வருஷம் உழுதிருப்பார்கள்; காகிதத்தில் மட்டும் பாட்டனார் இன்னும் உயிரோடிருப்பார்.

இரண்டாவது கதவு ஆதார். ஆதாரிலுள்ள பெயரும் திட்டத்தில் எழுதிய பெயரும் பொருந்த வேண்டும். "முனியப்பன்" என்று ஓரிடத்திலும் "முனியன்" என்று வேறோரிடத்திலும் இருந்தால் கம்ப்யூட்டர் அவ்விருவரையும் வேறு வேறு மனிதராகவே கொள்ளும். மேலும், பயனாளி தாமே இன்னார் என்று மெய்ப்பித்தல் வேண்டும். கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணாலோ, பொதுச் சேவை மையத்தில் விரல் ரேகையாலோ இதனைச் செய்யலாம். மண்வெட்டி பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்த முதியோருக்கு விரல் பதிவு ஒத்துக்கொள்ளாமற் போவதுண்டு. அவர்களுக்காக 2023-ம் வருஷத்திலிருந்து முகத்தைக் கைபேசியில் காட்டி மெய்ப்பிக்கும் வழியும் ஏற்பட்டிருக்கின்றது.

மூன்றாவது கதவு பாங்கி. "பாஸ் புத்தகம் கொடுத்திருக்கின்றேன், அதில் வரவில்லையே" என்று பலர் கூறுகின்றனர். ஆதார் வழியாகச் செலுத்தப்படும் தொகை, சர்க்கார் உதவிகளைப் பெறுவதற்கென ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே செல்லும். நூறு நாள் வேலைக்காகவோ, சமையல் வாயு மானியத்துக்காகவோ வேறொரு பாங்கியில் பின்னர்க் கணக்குத் திறந்து அதனை இணைத்திருந்தால், இரண்டாயிரம் ரூபாயும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். பணம் வரவில்லை என்று இரண்டு வருஷம் அலைந்த அங்கத்தினர் ஒருவரின் தொகை முழுதும், அவர் மறந்தே போயிருந்த கணக்கொன்றில் இருந்ததை நாம் கண்டிருக்கின்றோம்.

இவற்றோடு, 2025-ம் வருஷம் முதல் நமது மாநிலத்தில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் வேலை கிராம முகாம்கள் மூலம் தொடங்கப்பட்டது. ஆதார், கைபேசி எண், பட்டா விவரம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணின் கீழ்க் கொண்டுவருவதே இதன் கருத்து. இன்னும் பதியாதோர் காலந்தாழ்த்தாமல் பதிந்துகொள்வது நலம்.

ஒரு விதவையின் பதினெட்டாயிரம் ரூபாய்

பென்னாகரம் தாலூகாவில் ஒரு சங்கத்தின் மகாசபை 2024-ம் வருஷ ஆரம்பத்தில் நடந்தது. அதில் வயது நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் அங்கத்தினர் எழுந்து, "ஐயா, என் மாமனாருக்கு வந்த பணம் எனக்கு ஏன் வருவதில்லை? நிலம் அதே நிலந்தான், உழுவதும் நான்தான்" என்று கேட்டார்.

விசாரித்ததில் தெரிந்தது இது. இரண்டு ஏக்கர் புஞ்சை, மாமனார் பெயரில் பட்டா. கணவர் முன்னரே காலமாகிவிட்டார். மாமனாருக்குத் தவணைத் தொகை ஒழுங்காய் வந்து கொண்டிருந்தது. 2021-ம் வருஷம் ஆவணி மாதத்தில் அவரும் மறைந்தார். அவர் மறைவை எவரும் எவ்விடத்திலும் எழுதிவைக்கவில்லை. ஆதலின் மேலும் இரண்டு தவணைகள் இறந்தவர் கணக்கிலேயே விழுந்தன. உறவினர் ஒருவர் கார்டைப் போட்டு அவற்றை எடுத்துச் செலவழித்துவிட்டார். பின்னர் விஷயம் வெளிப்பட்டு, நாலாயிரம் ரூபாயையும் குடும்பத்தார் திருப்பிக் கட்ட நேர்ந்தது. இதற்கிடையில், பணம் வாங்கித் தருவதாகக் கூறிய தரகர் ஒருவரிடம் அவ்வம்மையார் 500 ரூபாயையும் ஆதார் நகலையும் கொடுத்திருந்தார். அவர் பிறகு தென்படவேயில்லை.

செய்ய வேண்டிய காரியம் ஒன்றே: பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுதல். மாமனாரின் இறப்புச் சான்று, தாசில்தார் அளிக்கும் வாரிசுச் சான்று ஆகியவற்றோடு ஈ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் வாரிசு என்பது மருமகளும் பேரக் குழந்தைகளும் மட்டுமல்ல. மாமனாரின் பெண்மக்கள் இருவரும் வாரிசுகளே. அவர்களில் இளையவர் கையொப்பமிடத் தயங்கினார். "கையெழுத்துப் போட்டால் பிறந்த வீட்டு நிலத்தில் எனக்குள்ள பாத்தியம் போய்விடாதா, அண்ணி?" என்பது அவர் பயம். அப்பயம் நியாயமானதே. விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது வேறு. கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிப்பது வேறு. கூட்டுப் பட்டாவில் அவர் பெயரும் ஏறுமே தவிர அவர் பாத்தியம் அழிவதில்லை என்று சங்கக் காரியதரிசி எடுத்துரைத்தார். மேலும், ஒரே நிலம் பல குடும்பங்களின் பெயரில் இருந்தால், ஏனைய தகுதிகளும் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே இத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதும் விளக்கப்பட்டது. இளையவர் சம்மதித்தார்.

சான்றுகள் பெற்று, கூட்டுப் பட்டா வாங்கி, புதிதாய் விண்ணப்பித்து, 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதத் தவணை அவ்வம்மையார் கணக்கில் விழ ஏறக்குறைய ஒரு வருஷமாயிற்று. ஆனால் மாமனார் மறைவுக்கும் அத்தவணைக்கும் இடையே கழிந்த ஒன்பது தவணைகள், அதாவது 18,000 ரூபாய், அவருக்குக் கிட்டவில்லை. 2021-ம் வருஷத்திலேயே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்திருந்தால் அதில் பெரும்பகுதி அவருடையதாயிருக்கும். அவரை எவரும் வஞ்சிக்கவில்லை. சொல்வார் இல்லாததே குறை. சங்கம் அவருக்குப் பயிர்க் கடன் கொடுத்தது, உரம் விற்றது, பட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது நம் இலாகாவைச் சேர்ந்த எமக்கும் ஒரு பாடமே.

2020-ம் வருஷத்து முறைகேடு

விடுபட்டவர் கதை இது. உரிமையின்றி நுழைந்தவர் கதை வேறொன்று.

2020-ம் வருஷம் கொரோனாத் தொற்று பரவியிருந்த மாதங்களில், தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் பயனாளிகள் தொகை திடீரெனப் பெருகிற்று. ஆகஸ்டு மாதத்தில் இது கண்டறியப்பட்டு விசாரணை தொடங்கிற்று. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தகுதியற்றோர் சேர்க்கப்பட்டதும், சுமார் 110 கோடி ரூபாய் தவறாகச் சென்றதும் வெளிப்பட்டன. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய ஜில்லாக்களோடு நமது தர்மபுரியும் அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லாக்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. விண்ணப்பங்களை அங்கீகரிப்பதற்கென உத்தியோகஸ்தர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த ரகசியச் சொற்கள், ஒப்பந்த ஊழியர்கள் மூலம் தனியார் கம்ப்யூட்டர் மையத்தாருக்கும் தரகர்களுக்கும் சென்றிருந்தன. வேலியே பயிரை மேய்ந்தது. ஒப்பந்த ஊழியர் பலர் நீக்கப்பட்டனர். உத்தியோகஸ்தர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. தரகர்கள் கைது செய்யப்பட்டனர். குற்றப் புலனாய்வுப் போலீசார் வழக்கை ஏற்றனர்.

அங்கத்தினர்கள் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அவ்வாறு சேர்க்கப்பட்டோரில் பெருந்தொகையினர் திருடர்களல்லர். நிலமற்ற கூலிக்காரர்களும், நெசவாளிகளும், சிறு கடைக்காரர்களும் பலர். "கொரோனா நிவாரணத் தொகை வருகின்றது, ஆதாரும் பாஸ் புத்தகமும் கொடுங்கள்" என்று தரகர்கள் கூறியதை நம்பிக் கொடுத்தவர்கள். வந்த தொகையில் ஒரு பகுதியைத் தரகர் வாங்கிக்கொண்டார். பின்னர் சர்க்கார் பணத்தைத் திரும்பப் பெற முற்பட்டபோது, கணக்குகள் முடக்கப்பட்டு, முழுத் தொகையும் கணக்குக்கு உடையவரிடமிருந்தே வசூலிக்கப்பட்டது. தரகர் எடுத்த பங்கையும் சேர்த்து ஏழையே கட்டினான். ஆதாரும் பாஸ் புத்தகமும் பிறர் கையில் கொடுப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரத்தைக் கொடுப்பதற்குச் சமானம் என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பித்தது.

பட்டியலை உரக்கப் படியுங்கள்

அம்முறைகேடு எப்படித் தடுக்கப்பட்டிருக்கக் கூடும்? கிராமத்தில் யாருக்கு நிலமுண்டு, யாருக்கு இல்லை என்பது தலைமைக் காரியாலயத்துக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. ஆனால் கிராமத்தாருக்கு நன்றாய்த் தெரியும். ஒரு கிராமத்தின் பட்டியலில் அவ்வூரில் காணி நிலமும் இல்லாத ஐம்பது பெயர்கள் ஒரே மாதத்தில் ஏறியிருந்தால், அதனைப் படித்த முதல் விவசாயியே கண்டுகொண்டிருப்பார்.

இத்திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் கிராம வாரியாகத் திட்டத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிலும், எந்த ஜில்லாவில் எவருக்கு எவ்வளவு விவசாய உதவித் தொகை சென்றது என்னும் விவரத்தைப் பொதுநல ஸ்தாபனம் ஒன்று சர்க்காரிடமிருந்து கேட்டுப் பெற்றுப் பல வருஷங்களாக வெளியிட்டு வருகின்றது. பெரிய பண்ணைகள் பெறும் பங்கு எவ்வளவு என்பதை அந்நாட்டு ஜனங்கள் அதனாலேயே அறிந்து விவாதிக்கலாயினர். வெளிச்சத்தில் வைக்கப்பட்ட கணக்கு எளிதில் கெடுவதில்லை. நமது சங்கத்தின் வரவு செலவை ஆண்டுதோறும் மகாசபையில் படிப்பதும் இந்தக் காரணம் பற்றியே.

ஆகையால் சங்கங்களுக்கு நாம் கூறும் யோசனைகள் வருமாறு:

(1) வருஷத்துக்கு இரு முறையேனும், கிராமப் பட்டியலை நகலெடுத்து அங்கத்தினர் கூட்டத்தில் உரக்கப் படித்தல் வேண்டும். கிராம சபை கூடும் நாட்களில் அதனைச் செய்யும்படி பஞ்சாயத்தாரைக் கேட்டுக்கொள்வது இன்னும் உசிதம். காலஞ்சென்றோர், ஊரை விட்டுச் சென்றோர், தகுதியிருந்தும் விடுபட்டோர் ஆகிய மூவகையினரையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

(2) பயிர்க் கடன் விண்ணப்பத்தின்போது பட்டா நகல் சங்கத்துக்கு வருகின்றது. பட்டா எவர் பெயரில் இருக்கின்றது என்பதைக் காரியதரிசி அப்போதே கவனித்து, இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்படி கூறுதல் வேண்டும். ஒரு வார்த்தையின் விலை பதினெட்டாயிரம் ரூபாயாக இருக்கலாம் என்பதை மறவாதிருப்பாராக.

(3) தவணை வராத அங்கத்தினருக்கு எந்தக் கதவு மூடியிருக்கின்றது என்று பார்த்துச் சொல்லுதல் வேண்டும். நிலப் பதிவில் குறையென்றால் கிராம நிர்வாக அதிகாரியிடமும், ஆதாரில் குறையென்றால் பொதுச் சேவை மையத்துக்கும், கணக்கில் குறையென்றால் பாங்கிக்கும், திட்டப் பதிவில் குறையென்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கும் செல்ல வேண்டும். எங்கே போவது என்று தெரியாமல் நான்கு இடங்களுக்கும் அலைபவருக்கு நான்கு நாள் கூலி நஷ்டம்.

(4) அங்கத்தினரின் ஆதார் நகலையோ ரகசிய எண்ணையோ சங்க ஊழியர் எவரும் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது. உதவி செய்வது வேறு. அவர் பெயரில் நாமே காரியம் நடத்துவது வேறு. 2020-ம் வருஷத்து முறைகேடு இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள கோடு அழிந்ததால் உண்டானதே.

(5) தகுதியின்றி எவரேனும் பெற்றிருந்தால், அவரைப் பழிப்பதை விட்டு, தாமாகவே திருப்பிச் செலுத்தும்படி புத்தி கூறுதல் நலம். தாமாகச் செலுத்தியவர் பின்னர் நோட்டீசுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வாசலிலேயே இருக்கும் உதவி

இனி, முன்பு கூறிய வட்டிச் சலுகையைப் பற்றிச் சில வார்த்தைகள். டில்லியிலிருந்து வரும் இரண்டாயிரத்துக்காகக் கவலைப்படும் அங்கத்தினருள் பலர், தமது சங்கத்திலேயே கிடைக்கும் பெரிய உதவியை நழுவ விடுகின்றனர்.

நமது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் கொடுக்கும் பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவிகிதம். ஆனால் கெடுவுக்குள் அசலைச் செலுத்திவிடும் அங்கத்தினர் வட்டி ஏதும் செலுத்த வேண்டியதில்லை. அவ்வட்டியைச் சர்க்கார் ஏற்றுக்கொள்கின்றது. ஐம்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கியவருக்கு ஒரு வருஷ வட்டி 3,500 ரூபாய். கெடு தவறினால் அச்சலுகை போய்விடும். ஆறாயிரம் ரூபாய்த் திட்டத்தின் ஒரு வருஷத் தொகையில் பாதிக்கு மேற்பட்ட தொகை இது. இதற்குத் தரகர் வேண்டாம். புதிய விண்ணப்பம் வேண்டாம். காலண்டரில் கெடுத் தேதியைக் குறித்து வைத்தல் ஒன்றே போதும். தவணைத் தொகையைக் கைச்செலவில் கரைய விடாமல், ஒரு பகுதியைச் சங்கத்திலேயே சேமிப்பில் போட்டு வைத்து, கெடு வரும்போது அசலுக்குச் சேர்த்துக்கொள்ளும் சில அங்கத்தினர்களை நாம் அறிவோம். ஒரு சர்க்கார் உதவியைக் கொண்டு மற்றொரு சர்க்கார் உதவியைக் காப்பாற்றிக்கொள்ளும் இச்சாமர்த்தியம் மெச்சத் தக்கது. எனினும், தவணைத் தொகையை அங்கத்தினர் சம்மதமின்றிக் கடனுக்கு ஈடு செய்துகொள்ளச் சங்கம் முற்படலாகாது. அது அவர் பயிருக்கு வந்த பணம். அதனை எவ்வாறு செலவிடுவது என்பது அவர் உரிமை.

முடிவுரை

கடவுள் வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. உதவித் தொகை விஷயத்தில் பூசாரி வேறு எவருமல்லர். நமது பட்டா, நமது ஆதார், நமது பாங்கிக் கணக்கு ஆகிய மூன்றுமே. அம்மூன்றும் நம் பெயரில் ஒழுங்காய் இருக்குமாயின் இடையே எவருக்கும் தட்சிணை வைக்க வேண்டியதில்லை.

இதனைப் படிக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றிரவு வீட்டுப் பெட்டியைத் திறந்து, பட்டாவை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கின்றது என்று பார்ப்பாராக. படிக்கத் தெரியாதவர் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைக் கொண்டு படிக்கச் செய்வாராக. தம் பெயர் இருந்தால் நலம். காலஞ்சென்ற தந்தையார் பெயரோ, பாட்டனார் பெயரோ இருந்தால், அவர்களுக்குத் திதி கொடுப்பது எவ்வளவு கடமையோ, அவர்கள் விட்டுச் சென்ற நிலத்தை உழுகின்றவர் பெயரில் எழுதிவைப்பதும் அவ்வளவு கடமை என்று கருதி, அடுத்த வாரத்திலேயே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிப்பாராக. சந்தேகம் உண்டாயின் சங்கக் காரியதரிசியைக் கேட்கலாம்; தணிக்கைக்கு வரும் ஆய்வாளரையும் கேட்கலாம். விடை சொல்லுவது எங்கள் கடமை.